நிப்பாட்டாமல்

ஐஸ் காசு இரண்டு தரம் கழிபடுகுது என்று
முதலில் கண்டுபிடித்தது மெசின் இல்லை, எமில்டா.
முப்பத்திரண்டு கிலோ பாரை. கிலோவுக்கு ஐந்து.
"நூற்றியறுபது போகவேணும் தங்கச்சி,
முன்னூற்றியிருபது போயிருக்கு."
விரல் மடிக்கவில்லை. செதில் ஒட்டிய கையால்
ரசீதை என் மேசையில் வைத்து
மேலே ஒரு தூக்குக்கல்லையும் வைத்தாள், காற்றுக்குப் பறக்காமல்.

பாசையூர். விடிய ஐந்து நாற்பது.
யேசுறட்ணத்தார் ஆயிரத்து நானூறு, நானூற்றைம்பது என்று
மூச்சு விடாமல் விலையை ஏற்றிக்கொண்டிருக்கிறார்.
தராசின் வயர் என் லப்டொப்புக்குள் வருகிறது.
முப்பத்தொரு வள்ளத்தின் கணக்கு
எந்தக் கோப்பிலும் எழுதப்படாமல்
ஓடுகிற புரோகிராமின் நினைவில் மட்டும் இருக்கிறது.
(அது என் பிழை. இரவு இரண்டு மணி,
நித்திரை, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டது.)

மூடித் திறந்தால் பிழை போய்விடும்.
மூடித் திறந்தால்
முப்பத்தொரு வள்ளமும்
இரவு கடலுக்கே போகாதவை ஆகிவிடும்.

"நிப்பாட்டப் போறியோ?" சங்கத் தலைவர் கேட்டார்.
இல்லை என்றேன், சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

கழிவு ஸ்கிரிப்டைப் பக்கத்தில் திறந்தேன்.
ஒரே வரி, மேலே ஒன்று, கீழே ஒன்று,
இரண்டு இரவுகளில் நானே எழுதியது.
கீழ் வரியை அழித்தேன். சேமித்தேன்.
இனி, ஓடுவதை ஓடவிட்டு
அந்த ஒரு தாளை மட்டும் திரும்ப வாசி என்று
சொல்லவேண்டும்.
அந்த நேரத்தில் தராசில் எதுவும் விழக்கூடாது.

யேசுறட்ணத்தாருக்கு இருமல் வந்தது.
அந்த இருமலுக்குள் தட்டிவிட்டேன்.

முப்பத்திரண்டாவது வள்ளம் கரைக்கு வந்தது.
விளைமீன் இருபது கிலோ, கழிவு நூறு.
சரி! கதிரையில் சாய்ந்தேன்.
அடுத்தது எமில்டாவின் கணவாய். எட்டுக் கிலோ.
கழிவு எண்பது.

அவள் ஒன்றும் பேசவில்லை. தூக்குக்கல்லைப் பார்த்தாள்.

பிறகு விளங்கியது.
பெயர் பதிந்த நேரத்தில் ஒவ்வொரு வள்ளமும்
அப்போதிருந்த விதியைக் கையில் வாங்கிக்கொண்டுவிட்டது.
நான் மாற்றியது றாக்கையில் இருந்ததை.
கையில் இருந்தது கையிலேயே இருக்கிறது,
பழையபடி, பிழையாய், மிகவும் விசுவாசமாய்.

கச்சேரியில் எங்கள் காணிக் கோப்பைத் தூக்கிக் காட்டி
ஒரு கிளாக்கர் இதைத்தான் சொன்னார்:
புதுச் சுற்றறிக்கை புது விண்ணப்பங்களுக்கு.
நீங்கள் முதலே பதிந்துவிட்டீர்கள்.
முந்தி வந்தது எங்கள் குற்றம்போல.

நான்கு வரி எழுதினேன், கை நடுங்க.
முப்பத்தொரு வள்ளத்தையும் ஒவ்வொன்றாய்த் தட்டி எழுப்பி
உன் கையில் இருப்பதைப் போடு, இதைப் பிடி என்று
சொல்கிற நான்கு வரி.
திரையில் பெயர்கள் ஓடின:
சமுத்திரராணி, சந்தியோகுமையோர், விடிவெள்ளி இரண்டு.
கூறல் நிற்கவில்லை. தவறாஜா முரல் பெட்டியை எடுத்துக்கொண்டு
திருநெல்வேலிச் சந்தைக்கு வெளிக்கிட்டார்.
நடந்தது ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் கழிந்த காசு கழிந்ததுதான்.
புது விதி பின்னோக்கி நடக்காது.
சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கிவரச் சொல்லி
கோடு போட்டு, பேனையால் எழுதினேன்,
யாருக்கு எவ்வளவு திருப்பவேணும் என்று.

எமில்டா தன் இருநூறை இரண்டு தரம் எண்ணினாள்.
"நிப்பாட்டாமல் திருத்தினனீ எல்லோ?"
"ஓம்."
"நாளைக்கு நிப்பாட்டிப்போட்டு ஒழுங்காய்த் திருத்து."

கொப்பியில் ஒரு பெயர் மட்டும் மிச்சம்.
மரியநேசன், முதல் வள்ளம், ஐந்து மணிக்கே கணக்கு முடித்தவர்.
போன் அடிக்கிறது, எடுக்கிறாரில்லை.
சட்டைப்பையில் நாலாய் மடித்த பழைய விதியோடு
அவருடைய மோட்டார் சைக்கிள்
குருநகர்ப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.